1,200 விளக்குகளும் ஒரு ‘ஏ’வும்

மேசையில் வைக்கும் ரீசார்ஜ் எல்.இ.டி. விளக்கு, 1,200 எண்ணம். வெளிநாட்டுத் தொழிற்சாலையிடமிருந்து நான் நேரடியாக வாங்கிய முதல் சரக்கு இதுதான். விலை பேசுவதுதான் பெரிய வேலை, மற்றதெல்லாம் சுங்க முகவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்திருந்தேன். விலை மூன்றே நாளில் படிந்துவிட்டது. காகித வேலைக்குத்தான் இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

சாம்பிள் வந்ததும் முகவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். எரிகிறதா என்றுகூட அவர் பார்க்கவில்லை. விளக்கின் தலையில் இருந்த கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிவிட்டு, “இது எதுக்கு சார்?” என்றார். அழகுக்குத்தான், இடம் மாற்றி வைக்கவும் வசதி என்றேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சுங்கத்துக்காகப் பொருள்களை வகை பிரிக்கும் எண்தான் எச்.எஸ். கோடு. அதில் மேசை மீது வைக்கும் விளக்குகள் 9405-ல் வரும். டார்ச் மாதிரி சொந்த பேட்டரியில் எரிகிற, கையில் எடுத்துப்போகிற விளக்குகள் 8513-ல் வரும். தொழிற்சாலைக்காரர் 9405 என்று போட்டிருந்தார். கைப்பிடியைப் பார்க்கிற அதிகாரி 8513 என்று சொன்னால்? கோடு மாறினால் வரியும் மாறலாம், கேட்கிற சான்றிதழும் மாறலாம். “அவர் போட்டதைத்தான் நானும் போட்டேன்” என்று சொல்லித் தப்ப முடியாது. இறக்குமதி செய்பவர்தான் பொறுப்பு. அதனால் சரக்கு கிளம்பும் முன்பே படம், பயன்பாட்டுக் கையேடு எல்லாம் வைத்து, எந்தக் கோடு என்று சுங்கத்துறையிடமே எழுதிக் கேட்டோம். இதற்கு முன்தீர்ப்பு என்று பெயர். பதில் வரப் பல வாரம் ஆனது. மேசை மீது வைத்துப் பயன்படுத்தவே வடிவமைத்த விளக்கு, கைப்பிடி இருப்பதால் மட்டும் கைவிளக்கு ஆகிவிடாது என்று 9405.21 கொடுத்தார்கள். அந்தக் காத்திருப்பு எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் துறைமுகத்தில் நாள் வாடகை ஏற ஏற இதே கேள்விக்குப் பதில் சொல்வதை நினைத்தால், இது எவ்வளவோ மேல்.

இதற்கு நடுவில் பேட்டரி. லித்தியம் பேட்டரி உள்ளே இருந்தால் யு.என். 38.3 சோதனைச் சுருக்கம், அதாவது அதைப் பாதுகாப்பாக ஏற்றி அனுப்பலாம் என்று சோதித்ததற்கான காகிதம், வேண்டும். அது இல்லாமல் கப்பல்காரர் சரக்கைத் தொடமாட்டார். கேட்டதும் பத்து நிமிடத்தில் பி.டி.எஃப். வந்துவிட்டது. முத்திரை, கையெழுத்து, எல்லாம் பளபளவென்று இருந்தது. ரிப்போர்ட் எண்ணை லேபின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தேன், அதுவும் உண்மைதான். சரி, முடிந்தது என்று மூடி வைத்தவன், ராத்திரி ஏதோ தோன்றி சாம்பிளின் அடியில் இருந்த நான்கு திருகையும் கழற்றினேன். உள்ளே செல்லின் மேல் நீல உறையில் பொடி எழுத்து. ரிப்போர்ட்டில் இருந்த அதே மாடல் எண்தான், கடைசியில் மட்டும் ஒரு ‘ஏ’ கூடுதலாக இருந்தது. பேட்டரியின் கொள்ளளவு ரிப்போர்ட்டில் 2000 எம்.ஏ.எச்., உள்ளே இருந்தது 2600.

விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டேன். “போன வருடம் செல்லை மாற்றினோம், இது இன்னும் நல்லது” என்றார். நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வோல்டேஜ் அதேதான் என்பதால், ஆற்றலும் 30 சதவீதம் கூடியிருக்கிறது. 20 சதவீதத்துக்கு மேல் மாறினாலே அது வேறு வகை, பழைய சோதனை செல்லாது. அதுவரை முன்பணம் 30 சதவீதத்தை அனுப்பாமல் வைத்திருந்தது என் அதிர்ஷ்டம். அனுப்பியிருந்தால் அவருக்கு என்ன அவசரம்? செல் தயாரித்தவரிடமிருந்து சரியான ரிப்போர்ட் வாங்கித் தந்தால்தான் பணம் என்றேன். ஒன்பது நாளில் வந்தது.

முன்பணம் போய், உற்பத்தியும் முடிந்தது. சரக்கைப் பார்க்க மூன்றாம் தரப்பு ஆய்வாளரை அனுப்பினேன். 1,200-க்கு 80 விளக்குகளை எடுத்துச் சோதித்தார். எவ்வளவு குறை வரை ஏற்கலாம் என்று சொல்லும் ஏ.க்யூ.எல். அளவுகோலில், 2.5 கணக்கில் பெரிய குறை 5 வரை இருக்கலாம், 6 என்றால் நிராகரிப்பு. 3 தான் இருந்தது. ஆனால் லேபிளில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை. அது இல்லாமல் இங்கே விற்க முடியாது. திரும்ப அச்சடித்து ஒட்ட நான்கு நாள். அங்கேயே கண்டுபிடித்ததால் நான்கு நாள். இங்கே வந்த பிறகு என்றால் 1,200 பெட்டியையும் நானே பிரித்திருக்க வேண்டும்.

இன்வாய்ஸ் போடும்போது பிரதிநிதி ஒரு உதவி செய்ய வந்தார்: “பாதி விலை காட்டட்டுமா? எல்லாரும் கேட்பார்கள்.” வேண்டாம் என்றேன். முகவர் அதோடு விடவில்லை, “வேற ஏதாவது தனியா பணம் கொடுத்தீங்களா?” என்றார். எங்கள் சின்னம் பதிக்க அச்சு செய்யத் தனியாகக் கொடுத்திருந்தேன். அதையும் சுங்க மதிப்பில் சேர்க்க வேண்டுமாம். எனக்கு அது தோன்றவே இல்லை. மறைக்கும் எண்ணம் இல்லாமலே மறைத்தவனாகியிருப்பேன்.

சரக்கை அடுக்கும் மரத்தட்டான பேலட்டில் கோதுமைக் கதிர் முத்திரையும் ‘எச்.டி.’ எழுத்தும் தெரியும்படி படம் கேட்டு வாங்கினேன். மரத்தின் உள்பகுதி வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியதற்கான அடையாளம் அது. பூச்சி பயத்தால் சரக்கைத் திருப்பி அனுப்பிய கதைகளை முகவர் நிறையவே சொல்லியிருந்தார்.

சரக்கு வந்து இறங்கி, இரண்டாம் நாளே வெளியே வந்துவிட்டது. அதிகாரி ஒரு பெட்டியைத் திறந்து, கைப்பிடியைத் தூக்கிப் பார்த்து, முன்தீர்ப்புக் கடிதத்தைப் படித்துவிட்டு மூடிவிட்டார்.

இரண்டாவது ஆர்டருக்குப் பேச்சு ஆரம்பித்தபோது விலையைக் கேட்கும் முன், இப்போது தயாரிக்கிற விளக்கு ஒன்றைப் பிரித்துப் படம் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். இந்த முறை கடைசியில் ‘பி’.