பாட்டுக் கேட்கும்போது விழுந்த கணினி

கத்திரி வெயிலில் மதுரையில் மாடி அறையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், தளத்துச் சூடு இரவு பத்து மணிக்கும் இறங்காது. முப்பரிமாணப் படங்களை உருவாக்கும் பிளெண்டர் மென்பொருளில் ரெண்டர் ஓடும்போது (படத்தைக் கணித்து வரையும்போது) என் கணினியின் பிராசஸர், ரைசன் 5 5600எக்ஸ், 88 டிகிரி காட்டியது. ஜனவரியில் இதே வேலைக்கு 78தான். ஃபேன் எவ்வளவு சுற்றினாலும் அறைக் காற்றைத்தானே அடிக்கிறது. அறை பத்து டிகிரி ஏறினால் சிப்பும் ஏறக்குறைய அவ்வளவு ஏறும்.

முதலில் பிராசஸரின் மேல் உட்கார்ந்து அதைக் குளிர்விக்கும் கூலரைக் கழற்றினேன். பிராசஸர் செருகியிருக்கும் ஏஎம்4 சாக்கெட்டில் இதைப் பதறாமல் செய்ய வேண்டும். இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட் காய்ந்திருந்தால் கூலரோடு பிராசஸரும் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அடியில் 1331 ஊசிகள் இருக்கின்றன. அதனால் பத்து நிமிடம் ரெண்டர் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகத் தளர்த்தினேன். மேலே இழுக்காமல் இடமும் வலமுமாக மெல்லத் திருகியதும் விட்டுக்கொடுத்தது. பழைய பேஸ்ட் காய்ந்த சந்தனம் போல வெடித்திருந்தது. துடைத்துப் புதிது வைத்ததிலேயே 4 டிகிரி இறங்கியது.

அப்புறம் பயோஸ், அதாவது கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை. மொத்த மின்சார வரம்பான பிபிடியை 76 வாட்டிலிருந்து 60-க்குக் குறைத்தேன். வோல்டேஜையும் சேர்த்துக் குறைத்தால்தான் வேகம் அடிபடாது. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு போவதால் கொஞ்சம் குறைத்தாலே பலன் தெரியும். அதற்கான அமைப்பு கர்வ் ஆப்டிமைசர்; அதில் ஒரு படி என்பது 3 முதல் 5 மில்லிவோல்ட். பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணிக்கும் ஆறு கோருக்கும் மைனஸ் 30, அதாவது முப்பது படி குறைவாகக் கொடுத்தேன். பிராசஸரை முழு வேலை வாங்கிச் சோதிக்கும் சினிபெஞ்ச் அரை மணி நேரம் ஓடியது, 74 டிகிரி, வேகம் 100 மெகாஹெர்ட்ஸ்கூடக் குறையவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

அன்று இரவு பாட்டுக் கேட்டபடி மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தேன். திரை கறுத்து, கணினி தானாக ரீஸ்டார்ட் ஆனது. மறுநாளும் அப்படியே. விண்டோஸின் பதிவேடான ஈவன்ட் வியூவரில் பார்த்தால் வீயா லாகர் (WHEA-Logger), எண் 18: வன்பொருள் பிழை.

யோசித்தபோதுதான் பிடிபட்டது. ஆறு கோரும் சேர்ந்து உழைக்கும்போது 60 வாட் வரம்பு எதையும் உச்ச வேகத்துக்கு விடாது. லேசான வேலையில்தான் ஒரே ஒரு கோர் 4.6 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவுகிறது. நான் குறைத்த வோல்டேஜ் போதாமல் போவது அந்த உச்சியில். சினிபெஞ்சின் முழு ஓட்டம் அந்தப் பக்கமே போகவில்லை.

கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராக எடுத்துச் சோதிக்கும். இரவு முழுக்க ஓடவிட்டேன். பிழை காட்டியவை இரண்டு. இருப்பதிலேயே சிறந்தவை என்று சிப்பே குறித்து வைத்திருந்த கோர்கள் அவை. குறைந்த வோல்டேஜிலேயே ஓடப் பழகியவற்றில் இன்னும் குறைக்க இடம் கம்மி. சரி, அவற்றுக்கு மைனஸ் 8, மைனஸ் 12, மற்ற நான்குக்கும் மைனஸ் 25 என்று மாற்றி, மேலும் இரண்டு இரவு சோதித்தேன். பிழை இல்லை.

மூன்று வாரமாக ஒரு ரீஸ்டார்ட்கூட இல்லை. இனி காற்றை மறிக்கும் கேஸின் முன்பக்கக் கண்ணாடிதான் உறுத்துகிறது. ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துவிட்டு வலை பொருத்திப் பார்க்கப் போகிறேன்.