கைட்டோசான்–ஜெலட்டின் ஸ்கேஃபோல்டு: ஃபிரீசர் முதல் செல் ஏற்றும் வரை

கைட்டோசானையும் (இறால், நண்டு ஓட்டிலிருந்து பெறும் பொருள்) ஜெலட்டினையும் கலந்து, உறையவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் செல் வளர்க்க ஏற்ற ஸ்கேஃபோல்டு, அதாவது செல்கள் ஒட்டி வளரும் நுண்துளைச் சட்டகம், கிடைக்கும். ஒரே கலவையில் ஒரு தட்டு சீரான துளைகளோடும் மற்றொன்று சுருங்கியும் வந்தால், காரணத்தை முதலில் ஃபிரீசரில் தேடுங்கள்.

எங்களுக்குக் கைகொடுத்த அளவு இது: 1% அசிட்டிக் அமிலம் 100 மில்லியில் 2 கிராம் கைட்டோசான், இரவு முழுக்கக் கலக்கி, கரையாத துணுக்குகளை நைலான் வலையில் வடிகட்ட வேண்டும். ஜெலட்டின் 2 கிராமைத் தனியாக 45 டிகிரி வெந்நீர் 100 மில்லியில் கரைத்து, இரண்டையும் சம அளவு சேர்க்கலாம். காற்றுக் குமிழிகளை வெற்றிடத்தில் நீக்கிவிட்டு, 24 குழித் தட்டில் குழிக்கு 1 மில்லி ஊற்றுங்கள்.

உறையும்போது உருவாகும் பனிப் படிகங்கள் இருந்த இடமே பின்னால் துளையாகிறது. மைனஸ் 20 டிகிரியில் மெதுவாக உறைந்தால் படிகம் பெரிது, துளையும் பெரிது. மைனஸ் 80இல் இரண்டும் சிறுக்கும். தட்டுகளை அடுக்கி வைத்தால் நடுவில் இருப்பது தாமதமாக உறையும், அதனால் தட்டுக்குத் தட்டு துளை மாறும். தானாகப் பனி நீக்கும் ஃபிரீசரை அறவே தவிர்க்க வேண்டும்: அவ்வப்போது வெப்பம் ஏறி இறங்க, படிகங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருத்துவிடும்.

லயோஃபிலைசருக்கு (உறைந்ததை வெற்றிடத்தில் உலர்த்தும் கருவி) மாற்றும் சில நிமிடங்களில் ஓரம் உருகினாலே அந்தப் பகுதி இடிந்துவிடும். 0.1 மில்லிபாருக்குக் கீழே 48 மணி நேரம் ஓடட்டும். மேலே உலர்ந்து நடுவில் ஈரம் தங்கினால், வெளியே எடுத்ததும் நடுப்பகுதி குழிந்துபோகும்.

உலர்ந்ததை நேராகத் தண்ணீரில் போடாதீர்கள். அமிலத்தோடு சேர்ந்து உப்பாக இருக்கும் கைட்டோசான் கரைந்து கூழாகிவிடும். 80% எத்தனால் 100 மில்லியில் 0.4 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பிஎச் நடுநிலைக்கு வரும்வரை 80% எத்தனாலிலேயே கழுவ வேண்டும். இந்தக் கழுவலில் அவசரமே கூடாது. அசிட்டிக் அமிலத்திலிருந்து மிஞ்சும் அசிட்டேட், அடுத்த படியில் சேர்க்கும் இடிசியை (EDC, பிணைப்பை உண்டாக்கும் வேதிப்பொருள்) தின்றுவிடும். மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு நினைத்த அளவு நடக்காது.

அந்தப் பிணைப்புக்கு 90% எத்தனால் 100 மில்லியில் இடிசி ஹைட்ரோகுளோரைடு 0.96 கிராம், அதற்குத் துணையான என்எச்எஸ் (NHS) 0.23 கிராம், 4 டிகிரியில் 24 மணி நேரம். இடிசி புட்டியை மைனஸ் 20இலிருந்து எடுத்தவுடன் திறந்தால் ஈரம் ஏறி வீரியம் குறையும். அறை வெப்பத்துக்கு வந்தபின் திறக்கவும். இடிசிக்குப் பதிலாகக் குளுட்டரால்டிஹைடு மலிவு, வேகமும் கூட. ஆனால் எச்சம் செல்லைக் கொல்லும் என்பதால் நாங்கள் அதைப் பரிந்துரைப்பதில்லை.

கிருமி நீக்க ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கருவி) வேண்டாம், ஜெலட்டின் தாங்காது. புற ஊதா ஒளி மேற்பரப்போடு நின்றுவிடும். ஆய்வக அளவில் 70% எத்தனாலில் ஊறவைத்து, கிருமி நீக்கிய பிபிஎஸ்ஸில் (PBS, பாஸ்பேட் உப்புக் கரைசல்) மும்முறை கழுவுவது நடைமுறைக்கு ஒத்துவரும்.

செல் ஏற்றும்முன் மிகை நீரை ஒற்றி எடுத்துவிட்டு, அடர்த்தியான செல் கரைசல் 30 மைக்ரோலிட்டரை நடுவில் விட்டு, இரண்டு மணி நேரம் கழித்து செல் வளர்ப்பு ஊடகம் நிரப்புங்கள். உயிருள்ள செல்களை நிறமாற்றத்தால் அளக்கும் எம்டிடி (MTT) சோதனைக்கு முன் ஸ்கேஃபோல்டைப் புதுக் குழிக்கு மாற்றியே ஆக வேண்டும். பழைய குழியின் அடியில் ஒட்டி வளர்ந்த செல்களும் கணக்கில் சேர்ந்தால், வெறும் பிளாஸ்டிக்கின் வெற்றியை ஸ்கேஃபோல்டின் வெற்றியாக எழுதிவிடுவோம்.