யார் கூப்பிட்டு வந்தது இந்த மாட்யூல்?

காரைக்குடி, புதுவயல், பள்ளத்தூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று இந்த வட்டாரத்தில் லினக்ஸ் ஓடும் டெஸ்க்டாப்புகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அரிசி மில் கணக்கறை, லாரி ஆபீஸ், பழைய வீட்டை ஹோட்டலாக மாற்றியவர்களின் வரவேற்பு மேசை, மாணவர்கள் தங்கும் அறைகள் எல்லாம் இதில் அடக்கம். 1952இல் அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரியும் அடுத்த ஆண்டே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் வந்த ஊர் இது. தெருவுக்கு ஒரு இன்ஜினீயர் இருப்பார், லினக்ஸ் போட்டுத் தரச் சொல்லிக் கேட்பவர்களும் இருப்பார்கள்.

எனக்கு வரும் அழைப்புகளில் அடிக்கடி கேட்பது இது: "சிஸ்டம் ஓடுது, வேலையும் நடக்குது. ஆனா ஆன் பண்றப்ப சிவப்பா ஒரு வரி வருது தம்பி." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் 'ஃபெயில்ட் டு ஸ்டார்ட் லோட் கெர்னல் மாட்யூல்ஸ்' என்று நிற்கும். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல், சாதனங்களை இயக்கத் தனக்கு வேண்டிய டிரைவர்களைத் துண்டு துண்டாக, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும். அந்தத் துண்டுகள்தான் மாட்யூல்கள். ஏதோ ஒன்றை ஏற்றப் போய் அது ஏறவில்லை என்பதைத்தான் அந்த வரி சொல்கிறது. எந்த மாட்யூல், ஏன் ஏறவில்லை என்பது அந்த ஒரு வரியில் இருக்காது. அதற்கு ஜர்னல்சிடிஎல் கட்டளையில் சிஸ்டம்டி-மாட்யூல்ஸ்-லோட் சர்வீஸின் பதிவைத் திறந்து படிக்க வேண்டும். இதைப் படிக்காமலே இணையத்தில் கண்ட நாலு வரியை ஒட்டிவிட்டுப் போகும் வழக்கம் எங்கள் தொழிலில் அதிகம். எனக்கு அது வருத்தம் தரும் விஷயம்.

ஒரு மாட்யூல் உள்ளே வர பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, யாரோ பெயர் எழுதி வைத்திருப்பார்கள்: அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் உள்ள மாட்யூல்ஸ் கோப்பிலோ, அங்கேயே மாட்யூல்ஸ்-லோட் டாட் டி என்ற அடைவுக்குள் இருக்கும் ஏதாவது கோப்பிலோ. இரண்டாவது, சாதனமே கூப்பிடும். பிசிஐ கார்டு, யுஎஸ்பி சாதனம், ஏன், பிராசஸர்கூட "நான் இன்ன நிறுவனத்தின் இன்ன எண்" என்று ஓர் அடையாளத்தைக் காட்டும். சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ் என்ற நிரல் அதைப் பார்த்துப் பொருத்தமான மாட்யூலை அழைத்துவிடும். மூன்றாவது, இன்னொரு மாட்யூலோ நிரலோ தன் தேவைக்காக இழுத்துக்கொண்டு வரும். ஆக, வேண்டாத மாட்யூல் என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் தேடுவது, அது இந்த மூன்றில் எந்த வழியாக வந்தது என்பதைத்தான். வந்த வழி தெரிந்தால்தான் எந்தக் கதவை மூடுவது என்று தெரியும்.

புதுவயல் மில் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். கணக்கறையில் பழைய மதர்போர்டு போய்விட்டது. புதுப் பெட்டி வாங்கி, பழைய எஸ்எஸ்டியை அப்படியே கழற்றி அதில் மாட்டினோம். லினக்ஸ் இதற்கு அடம்பிடிக்காது, எழுந்துகொள்ளும். எழுந்தது. கூடவே சிவப்பு வரியும் வந்தது. அங்கே கணக்குப்பிள்ளையாக இருப்பவர் வயதானவர், ரொம்ப நிதானமானவர். "தம்பி, இது நம்ம கணக்கு ஃபைல எதுவும் பண்ணிடாதே?" என்று கேட்டார். "அதெல்லாம் தொடாதுங்கய்யா. இருங்க, என்னன்னு பாத்துச் சொல்றேன்" என்றேன்.

பதிவில் இரண்டு விஷயங்கள் இருந்தன. சிவப்பு வரிக்குக் காரணம் ஐடி87 என்ற மாட்யூல். மதர்போர்டில் உள்ள ஐடிஇ நிறுவனச் சிப்பிலிருந்து வெப்பத்தையும் விசிறியின் வேகத்தையும் படித்துச் சொல்வது அது. பழைய போர்டில் அந்தச் சிப் இருந்தது. அப்போது, இப்படிப்பட்ட சிப்புகளைத் தேடும் சென்சார்ஸ்-டிடெக்ட் நிரலை ஓட்டியவர் அது கேட்டதற்கு ஆமாம் போட்டிருக்கிறார், அது பெயரை மாட்யூல்ஸ் கோப்பில் எழுதிவிட்டது. புதுப் போர்டில் அந்தச் சிப் இல்லை. விசேஷ வீட்டில் பழைய அழைப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, ஊரை விட்டுப் போனவர் பெயரையும் வாசிப்பதைப் போல, ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் சிஸ்டம் அதைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. 'நோ சச் டிவைஸ்' என்ற பதில் நியாயமானதே. கோப்பில் அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி (#) போட்டேன், அது இருந்தால் சிஸ்டம் அந்த வரியைப் படிக்காது. சிவப்பு போய்விட்டது.

இரண்டாவதுதான் நின்று யோசிக்க வைத்தது. 'எல்பி: டிரைவர் லோடட் பட் நோ டிவைசஸ் ஃபவுண்ட்' என்று சத்தமில்லாமல் ஒரு குறிப்பு. எல்பி, பிபிடெவ், பார்போர்ட் பிசி ஆகிய மூன்றும் பேரலல் போர்ட் பிரிண்டருக்கான மாட்யூல்கள். அச்சு வேலையைக் கவனிக்கும் கப்ஸ் உடன் வரும் கப்ஸ்-ஃபில்டர்ஸ் தொகுப்பு, தன் பெயரிலேயே ஒரு கோப்பு வைத்து இந்த மூன்றையும் எழுதி வைத்திருக்கும். யுஎஸ்பி சாதனம் போலப் பேரலல் பிரிண்டர் தன்னைத்தானே அறிவித்து டிரைவரை வரவழைக்கும் என்று நம்ப முடியாது, அதனால்தான் இந்த ஏற்பாடு. இப்போது வரும் பெரும்பாலான டெஸ்க்டாப்புகளில் அந்த 25 பின் துளையே கிடையாது. ஆகவே இணையத்தில் "இதைத் தூக்கு" என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

ஆனால் இது அரிசி மில். எடைமேடைச் சீட்டும் லோடு சீட்டும் கார்பன் வைத்த தாளில் அடித்தாக வேண்டும். லாரிக்காரருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று, மில்லுக்கு ஒன்று. லேசர் பிரிண்டர் தாளில் மை பதிக்குமே தவிர இடிக்காது, அதனால் அடித்தாளில் நகல் விழாது. டாட் மேட்ரிக்ஸ் ஊசி இடித்தால்தான் விழும். அங்கே இருந்தது பேரலல் போர்ட் உள்ள பழைய டாட் மேட்ரிக்ஸ். புதுப் பெட்டியில் அதை யுஎஸ்பி மாற்றுக் கேபிள் போட்டுத்தான் இணைத்திருந்தோம். இந்த நுணுக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அந்தக் கேபிள் வழியாகப் போகும்போது கணினிக்குத் தெரிவது ஒரு யுஎஸ்பி பிரிண்டர்தான். அதைப் பார்த்துக்கொள்வது யுஎஸ்பிஎல்பி என்ற வேறு மாட்யூல், அல்லது கப்ஸின் சொந்த யுஎஸ்பி வழி. எல்பிக்கு அங்கே வேலையே இல்லை. ஆக அந்தப் பெட்டியில், அன்றைக்கு, எல்பி வேண்டாததுதான். அந்த மூன்று வரிகளுக்கும் ஹாஷ் போட்டேன். அதே மில்லில் எடைமேடை அறையில் இருந்த இன்னொரு பழைய பெட்டியில் பேரலல் போர்ட் நேரடியாகவே இருந்தது. அங்கே அதே மூன்று வரிகளை எடுத்திருந்தால் வெளியே லாரி நிற்கும், சீட்டு வராது. ஒரே மில், ஒரே கோப்பு, இரண்டு பெட்டிக்கு இரண்டு பதில். எந்த மாட்யூலைப் பற்றியும் பொதுப்படையாக "இது வேண்டாதது" என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வராததற்கு இந்த மில்தான் காரணம்.

பிளாக்லிஸ்ட் என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாட்ப்ரோப் டாட் டி அடைவில் ஒரு கோப்பு வைத்து, 'பிளாக்லிஸ்ட்' என்று எழுதி மாட்யூலின் பெயரைச் சேர்த்தால் அது இனி வரவே வராது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அந்தச் சொல் செய்வது அதைவிடச் சின்ன வேலை. சாதனம் கூப்பிடும்போது அந்த மாட்யூல் பதில் சொல்லாமல் தடுக்கும், அவ்வளவுதான். யாராவது மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் கட்டளையைப் போட்டுப் பெயர் சொல்லி அழைத்தால் அது வரும். வேறு மாட்யூலுக்கு அது தேவை என்றாலும் வரும்.

காரைக்குடியில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர் ஒருவர் இதில்தான் மாட்டியிருந்தார். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் திடீரென்று ஓடவில்லை, அதற்குத் தேவையான பிராசஸரின் விடி-எக்ஸ் வசதியை வேறு யாரோ பிடித்து வைத்திருப்பதாகப் பிழை. அதே வசதியைப் பயன்படுத்துவது, கெர்னலின் சொந்த மெய்நிகர் கணினி மாட்யூலான கேவிஎம். "அண்ணே, கேவிஎம்மை பிளாக்லிஸ்ட் பண்ணிட்டேன், அப்பவும் வருது" என்றார். ஏறியிருக்கும் மாட்யூல்களைப் பட்டியலிடும் எல்எஸ்மாட் போட்டுக் காட்டச் சொன்னேன். கேவிஎம் இருந்தது, பக்கத்திலேயே அதைப் பயன்படுத்துவது கேவிஎம் இன்டெல் என்றும் இருந்தது. பிராசஸரைப் பார்த்துத் தானாக வருவது கேவிஎம் இன்டெல். அது வரும்போது தனக்கு அடிப்படையான கேவிஎம்மையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அவர் பூட்டியது பின்வாசலை, ஆள் வந்தது முன்வாசல் வழியாக.

சரி, நேற்று வரை ஓடியது இன்று ஏன் ஓடவில்லை? 2024 நவம்பரில் வந்த 6.12 கெர்னலில் ஒரு மாற்றம் செய்தார்கள். முன்பெல்லாம் கேவிஎம் ஏறியிருந்தாலும், அதில் ஒரு மெய்நிகர் கணினியை ஓட்டும்போதுதான் பிராசஸரின் அந்த வசதியைக் கையில் எடுக்கும். இப்போது மாட்யூல் ஏறிய உடனேயே எடுத்துக்கொள்கிறது. அவருடைய சிஸ்டம் அப்டேட்டில் அந்தக் கெர்னலுக்குத் தாவியிருந்தது. கேவிஎம் இன்டெல்லை பிளாக்லிஸ்ட் செய்தால் போதும். ஆனால் அவர் ஆண்ட்ராய்டு எமுலேட்டரும் ஓட்டுகிறார், அதற்குக் கேவிஎம் வேண்டும். அதனால் மாட்யூலை விட்டுவிட்டு, ஏறியவுடன் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை மட்டும் நிறுத்தினோம். கெர்னல் தொடக்க வரியில் கேவிஎம்மின் எனேபிள்-விர்ட்-அட்-லோட் மதிப்பைப் பூஜ்யம் ஆக்கினால் பழையபடி நடக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டாமல் பார்த்துக்கொண்டால் இரண்டும் வேலை செய்யும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: மாட்ப்ரோப் டாட் டி கோப்பை மாற்றிய பிறகு டெபியன், உபுண்டு வகைகளில் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் ஓட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் ஏறும் சின்னக் கோப்பு முறைமைக்குள் அந்தக் கோப்பின் பழைய நகல் இருக்கும், சீக்கிரமே ஏறுகிற மாட்யூல்கள் அதைத்தான் பார்க்கும்.

தேவகோட்டையில் ஒரு கடையில் இதே சிவப்பு வரி, காரணம் நேர் எதிர். ஐப்பசி அடைமழை, கெர்னல் அப்டேட் பாதியில் இருக்கும்போது கரண்ட் போயிருக்கிறது, யுபிஎஸ் பேட்டரியும் தாங்கவில்லை. நெட்வொர்க் இல்லை, சவுண்ட் இல்லை. லிப் அடைவில் புதுக் கெர்னலுக்கான மாட்யூல் தொகுதி அரைகுறையாகக் கிடந்தது. ஆன் செய்யும்போது எந்தக் கெர்னல் என்று கேட்கும் கிரப் பட்டியலில் முந்தைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போய், தொகுப்புகளை நிறுவும் டிபிகேஜியை விட்ட இடத்திலிருந்து முடிக்க வைத்தோம், சரியாயிற்று. அங்கே யாராவது பிழை சொன்ன மாட்யூல்களை எல்லாம் பிளாக்லிஸ்ட் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? வரி மறையும், நெட்வொர்க் கார்டும் சேர்ந்து மறையும்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஹோட்டல். முகப்பிலேயே வரவேற்பு மேசை, விருந்தினர் கண்ணில் படுகிற மாதிரி திரை. 'எரர்: டிரைவர் பிசிஸ்பிகேஆர் இஸ் ஆல்ரெடி ரெஜிஸ்டர்டு, அபார்டிங்' என்று தினமும் காலையில் ஒரு வரி. கணினியின் உள்ளே பீப் ஒலி தரும் சின்ன ஸ்பீக்கருக்கு, பிசிஸ்பிகேஆர், எஸ்என்டி-பிசிஎஸ்பி என இரண்டு மாட்யூல்கள் உண்டு. இரண்டும் ஒரே பெயரில் பதிவு செய்யப் பார்க்கும். முதலில் வந்தது இடத்தைப் பிடித்துக்கொள்ளும், அடுத்தது திரும்பிப் போகும். ஒரு கெடுதலும் இல்லை. வீட்டு ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "கெடுதல் இல்லேங்கிற. சரிப்பா, பின்ன ஏன் தப்புன்னு எழுதுது? வர்றவுக பாத்துட்டுக் கேக்குறாகளே" என்றார். கேள்வி சரியானதுதான். அங்கே அந்தப் பீப் யாருக்கும் தேவையில்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, இரண்டாவதை பிளாக்லிஸ்ட் செய்தேன்.

அங்கே மேசையைப் பார்த்துக்கொள்ளும் பையன் இன்னொரு வழி சொன்னான். செய்திகளின் அளவைக் குறைத்துவிட்டால் எந்த வரியும் திரைக்கு வராதாம். உண்மை, வராது. அதற்கு நான் சம்மதிக்கவில்லை. நாளைக்கு டிஸ்க் படிக்க முடியவில்லை என்று கெர்னல் கத்தினாலும் திரையில் தெரியாது. பதிவுக்குள் இருக்கும்தான், ஆனால் பிழையைக் கண்ணால் பார்க்காதவர் பதிவைத் திறந்து பார்க்கப் போவதில்லை. காரணம் தெரிந்த ஒரு வரியை நிறுத்தலாம். காரணம் தெரியாத எல்லா வரிகளையும் சேர்த்து மூடுவதை நான் யாருக்கும் செய்து தரமாட்டேன்.

கைவைத்த ஒவ்வொரு கோப்பிலும் ஏன் கைவைத்தேன் என்று தேதியோடு இரண்டு வரி எழுதிவிடுவேன். யுஎஸ்ஆர் அடைவுக்குள் இருக்கும் மூலக் கோப்புகளை அடுத்த அப்டேட் மேலெழுதிவிடும், அதனால் அவற்றைத் தொடுவதில்லை. அதே பெயரில் ஈடிசிக்குள் கோப்பு வைத்தால் அதற்குத்தான் முன்னுரிமை. ஹாஷ் போட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன், கெர்னலுக்கு அதனால் ஒன்றுமில்லை, அடுத்து வருகிற ஆளுக்குப் புரியும். புதுவயல் கோப்பில் எழுதியிருந்தது: "புது போர்டில் பேரலல் போர்ட் இல்லை. பிரிண்டர் யுஎஸ்பி கேபிளில். பேரலல் கார்டு போட்டால் இந்த மூன்று வரிகளையும் திறந்துவிடவும்."

அந்தக் கேபிள் சீக்கிரமே தகராறு செய்தது, பாதிச் சீட்டில் நின்றுவிடும். மில்லில் ஒரு பிசிஐ எக்ஸ்பிரஸ் பேரலல் கார்டு வாங்கினார்கள். நான் அன்று ஊரில் இல்லை. என்னோடு வேலை பழகும் தம்பிதான் போனான். கார்டைப் பார்த்துப் பார்போர்ட் பிசி தானாக ஏறியிருக்கிறது, எல்பி ஏறவில்லை, பிரிண்டர் பேசவில்லை. கோப்பைத் திறந்து குறிப்பைப் படித்துவிட்டு ஹாஷை எடுத்திருக்கிறான். மத்தியானத்துக்குள் மூன்று தாளிலும் எழுத்து விழுந்த சீட்டைப் படம் எடுத்து அனுப்பினான். ஐடி87 வரியைத் திறக்கலாமா என்றும் கேட்டிருந்தான். அந்தச் சிப் இந்தப் போர்டில் இல்லை, அது மூடியே இருக்கட்டும் என்று பதில் போட்டேன்.