ஈ ஜன்னலில், கைகள் காதில்

என் மகனுக்கு எட்டு வயது. ஆட்டிசம் இருப்பது மூன்று வயதிலேயே தெரிந்துவிட்டது, பயிற்சிகளும் அப்போதிருந்தே போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் கடந்த இரண்டு வருடமாக எங்களைத் தூங்கவிடாமல் செய்தது பூச்சி பயம்தான். ஒரு ஈ உள்ளே வந்துவிட்டால் அன்றைக்கு அந்த அறையே கிடையாது. குளியலறையில் ஒரே ஒரு முறை கரப்பான் பூச்சியைப் பார்த்தான், அதற்கப்புறம் பதினோரு நாள் அங்கே கால் வைக்கவில்லை, வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வெளியில் வைத்துத்தான் குளிப்பாட்டினேன். பூங்கா போனது, ஜன்னலைத் திறப்பது போனது, கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஜன்னல் ஓரம் உட்கார மாட்டேன் என்று தினமும் அழுகை. இதே நிலையில் இருக்கிற அப்பா அம்மா யாராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன், முக்கியமாக நான் செய்த தவறுகளுக்காக.

"அது ஒண்ணும் செய்யாதுடா." இதை எத்தனை நூறு தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. யோசித்துப் பாருங்கள், எறும்பு அவனைக் கடித்திருக்கிறது, கொசு வாரத்தில் நாலு நாள் கடிக்கிறது, அம்மா மட்டும் ஒன்றும் செய்யாது என்கிறாள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வார்கள், அவனும் அப்படித்தான். அவன் கணக்கில் நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்புறம் அவன் கண் முன்னாலேயே பூச்சியை அடித்துக் கொன்றது. அந்தப் பூச்சி போய்விடும், சரி, ஆனால் அம்மா ஓடி வந்து அடிக்கிற அளவுக்கு அது ஆபத்தானது என்பதைத்தான் அவன் கற்றுக்கொண்டான், கூடவே அந்தத் திடீர் சத்தம் வேறு. இதை எல்லாம்விட மோசமானது, உறவினர் ஒருவர் செத்த பூச்சி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு "தொட்டுப் பாரு, பயம் போயிடும்" என்று அவன் கையைப் பிடித்து இழுத்தபோது நான் தடுக்காமல் நின்றது. நல்ல எண்ணத்தில்தான் செய்தார், ஆனால் அடுத்த மூன்று மாதம் அவர் வந்தாலே அவன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவான். தயவுசெய்து யாரையும் இப்படிச் செய்ய விடாதீர்கள், பெரியவர் மனசு நோகுமே என்று பார்க்காதீர்கள்.

ஒரு மத்தியானம் திரைச்சீலைக்கும் ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவில் ஈ ஒன்று மாட்டிக்கொண்டது. அவன் மேஜைக்கு அடியில் போய்விட்டான். நானும் வழக்கம்போல ஓடாமல், அன்றைக்கு என்னமோ அசதியில், அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அவன் கண்ணை மூடவில்லை, காதைத்தான் பொத்தியிருந்தான். ஈ கண்ணாடியில் உட்கார்ந்து சத்தம் நின்றதும் விரல்கள் மெதுவாகத் தளர்ந்தன, அது மறுபடி கண்ணாடியில் மோத ஆரம்பித்ததும் விரல்கள் திரும்பவும் இறுகி நகம் வெளுத்துப்போனது. மூன்று முறை, நாலு முறை, அதே மாதிரி. இரண்டு வருடமாகப் பூச்சியைப் பார்த்துப் பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றாடச் செயல்களுக்குப் பயிற்சி கொடுக்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடம் இதைச் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவில்லை. சத்தம், வெளிச்சம், தொடுகை இவையெல்லாம் மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகமாகவோ குறைவாகவோ உறைப்பது ஆட்டிசத்தில் சாதாரணம். மனநல மருத்துவர்கள் பார்த்துக் கண்டறிகிற டிஎஸ்எம்-5 என்ற கையேடு, 2013-இல் வந்தது, இதை ஆட்டிசத்தைக் கண்டறியும் அடையாளங்களிலேயே ஒன்றாகச் சேர்த்துவிட்டது. நமக்கு எங்கேயோ ரீங்காரமாகக் கேட்கிற ஈ, அவனுக்குக் காதுக்குள்ளேயே ஓடுகிற மோட்டாராக இருக்கலாம்.

சரி, கரப்பான் பூச்சிக்குச் சத்தம் ஏது என்று கேட்டேன். "அவன் என்ன கேக்கறான்னு கவனிச்சுப் பாருங்க" என்றார். கவனித்தேன். "அது எங்க இருக்கு? இப்ப எங்க போகும்? எப்ப போகும்?" இதையேதான் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தான், கடிக்குமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. காலை எழுந்ததிலிருந்து எல்லாம் வரிசைப்படி நடந்தால்தான் நிம்மதி என்று இருக்கிற பிள்ளைக்கு, எந்தத் திசையில் எப்போது பாயும் என்றே தெரியாத ஒன்று வீட்டுக்குள் ஓடினால் எப்படி இருக்கும்?

அதற்கப்புறம் ஆறுதல் சொல்வதை விட்டுவிட்டுத் தகவல் சொல்ல ஆரம்பித்தேன். அவனுக்கு எண்கள் பிடிக்கும். ஈ ஒரு வினாடிக்குச் சுமார் 200 முறை சிறகடிக்கிறது, அதுதான் அந்தச் சத்தம், உட்கார்ந்தால் சிறகு நிற்கும், சத்தமும் நிற்கும் என்று சொன்னேன். ஈ உட்கார்ந்ததும் "ஜீரோ" என்று சொல்லிக்கொள்வான். கொசுவில் பெண் மட்டும்தான் கடிக்கும், முட்டைக்காக ரத்தம் வேண்டும் என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். கரப்பான் பூச்சியின் பின்பக்கம் சின்னதாக இரண்டு கொம்பு மாதிரி இருக்கும், காற்று லேசாக அசைந்தாலே அதில் தெரிந்துவிடும், உடனே ஓடிவிடும். அது நம் மேல் பாய வருவதில்லை, நம்மிடமிருந்து தப்பிக்கத்தான் ஓடுகிறது. இதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான்.

பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிற வழி புதிதில்லை. 1924-இலேயே மேரி கவர் ஜோன்ஸ் என்ற உளவியலாளர், முயலுக்குப் பயந்த ஒரு சிறுவனுக்கு பிடித்த உணவை அவன் சாப்பிடும்போது முயலைத் தூரத்தில் வைத்து, நாளுக்கு நாள் கிட்டே கொண்டுவந்து பயத்தைப் போக்கியிருக்கிறார். நாங்கள் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான், ஆனால் தூரத்தை அவன்தான் முடிவு செய்தான். முதலில் பென்சிலால் வரைந்த எறும்பு, அப்புறம் வண்ணப் படம், அப்புறம் சத்தமில்லாத வீடியோ, அப்புறம் ஒலியை ஒவ்வொரு புள்ளியாகக் கூட்டுவது. இந்த ஒலிக் கட்டத்துக்கு மட்டும் ஏழு வாரம் ஆனது. ரிமோட் அவன் கையில். சிவப்பு அட்டை ஒன்றும் கொடுத்திருந்தோம், அதைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், "இன்னும் கொஞ்சம்தான்" என்ற பேச்சே கூடாது. முதல் வாரம் முழுக்க அட்டையைத் தூக்கிக்கொண்டே இருந்தான், நிஜமாகவே நிறுத்துகிறோமா என்று சோதித்தான் என்றுதான் நினைக்கிறேன். நிறுத்தினோம். பிறகு அட்டை மேஜையிலேயே கிடக்க ஆரம்பித்தது.

மூடிய கண்ணாடிப் பாட்டிலில் ஒரு எறும்பு, அறையின் அந்தக் கோடியில். தரையில் அவனே சாக்பீஸால் கோடு போட்டான். ஒரு நாள் கோட்டை ஒரு அடி முன்னால் போடுவான், மறுநாள் இரண்டு அடி பின்னால் போடுவான். பின்னால் போனாலும் முகம் மாறாமல் இருக்க நான் பழக வேண்டியிருந்தது. தூக்கம் சரியில்லாத நாளில், பள்ளிக்கூடத்தில் ஏதாவது நடந்த நாளில், பயிற்சியே வேண்டாம் என்று விட்டுவிடுவோம்.

சத்தத்தைக் குறைக்கிற ஹெட்ஃபோனை வெளியில் போகும்போது எடுத்துப் போகிறோம். அது பயத்தை வளர்த்துவிடும் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. அது இருந்ததால்தான் பூங்காவுக்கே திரும்பப் போக முடிந்தது. ஆனால் எல்லாப் பயத்தையும் போக்கிவிடவும் நான் விரும்பவில்லை. ஒரு முறை தேனீயைப் பார்த்து என் கையை உதறிவிட்டு நடு ரோட்டுக்கு ஓடினான், அந்த வண்டிக்காரர் பிரேக் போட்டதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதனால் தேனீ கொட்டும், வலிக்கும் என்று உண்மையைச் சொல்லி, கையை வீசாமல் மெதுவாகப் பின்னால் நடந்து அம்மாவிடம் வர வேண்டும் என்று நாலு படம் வரைந்து பழக்கினோம். வீட்டு வராந்தாவில் நூறு தடவையாவது நடந்து பார்த்திருப்போம்.

பயத்தால் சாப்பாடும் தூக்கமும் கெடுகிறது, வீட்டை விட்டே வெளியே வருவதில்லை என்றால் தனியாகப் போராடாதீர்கள். ஆட்டிசம் தெரிந்த உளவியலாளரைப் பாருங்கள், ஆட்டிசம் தெரிந்தவராக இருப்பது முக்கியம்.

கரப்பான் பூச்சி இன்னும் கஷ்டம்தான். போன வாரம் ராத்திரி படிக்கிற விளக்கைச் சுற்றி ஒரு விட்டில் பூச்சி வந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டு வாசற்படி வரைக்கும் போனான், ஆனால் ஓடவில்லை. பறக்கும்போது முதுகை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்வதால்தான் பூச்சிகள் விளக்கை விட்டுப் போக முடியாமல் சுற்றுகின்றன என்று 2024-இல் வந்த ஆராய்ச்சியை அவனுக்குச் சொல்லியிருந்தேன். "அம்மா, அதுக்கு மேல எது, கீழ எதுன்னு தெரியல" என்றான். அப்புறம் ஒரு கையைக் காதிலிருந்து எடுத்து, எட்டி, சுவிட்சை அணைத்துவிட்டு, வராந்தா விளக்கைப் போட்டான்.