டீக்கு முன்

கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மருந்துக் கடையில் ஒன்பது வருடமாக நிற்கிறேன். சுற்றிலும் மளிகை மொத்தக் கடைகள். லாரி இறக்கிவிட்டு வரும் லோடுமேன்களில் மாதத்துக்கு நாலைந்து பேராவது, "தம்பி, அந்த சிகரெட்டை விடுற பபிள்கம் இருக்கா?" என்று கேட்பார்கள். 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம்முக்குச் சீட்டு வேண்டாம். அட்டையைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவேன். நாலு நாளில் திரும்பி வருவார்கள். "வேலைக்காகாது தம்பி. விக்கல்தான் வருது, நெஞ்சு எரியுது."

மனசு வைக்காமல் பழியைக் கம் மேல் போடுகிறார்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். ஒருநாள் எதிர் டீக்கடையில், விக்கல் வருது என்று சொல்லிப் போன ஒருவரைப் பார்த்தேன். வாயில் கம், கையில் டீ கிளாஸ். மாடு அசைபோடுகிற மாதிரி மென்று, டீயோடு சேர்த்து விழுங்கிக்கொண்டிருந்தார்.

தப்பு என் மேல்தான். அது மென்று விழுங்குகிற பொருளே இல்லை. காரம் ஏறும் வரை மெதுவாக மென்று, கன்னத்துக்குள் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். நிக்கோட்டின் வாயின் உள்தோல் வழியாகத்தான் உடம்பில் இறங்கும். டீ, காபி, எலுமிச்சை சோடா எல்லாம் அதைத் தடுக்கும். குடித்துக் கால் மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். விழுங்கினால் விக்கல்தான் மிச்சம். 1960களில் சுவீடனில் ஓவே ஃபெர்னோ என்பவருக்கு இந்தக் கம் யோசனை வந்ததே, புகைக்க முடியாத நீர்மூழ்கிக் கப்பல்காரர்கள் வாய்ப் புகையிலைக்கு மாறியதைக் கேள்விப்பட்டுத்தான். அந்தக் கப்பலுக்குப் பக்கத்தில் டீக்கடை இருந்திருக்காது.

நம் ஊரில் டீ இல்லாமல் தம் ஏது? டீயை விடு என்று லோடுமேனிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் கம் மெதுவாகத்தான் ஏறும். சிகரெட்டில் சில விநாடிகளில் மூளைக்குப் போவது, இதில் ஏற இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்படியென்றால் பத்து மணி டீக்கு ஒன்பதரைக்கே வாயில் போட்டுவிட்டால் என்ன? டீ வரும்போது கம்மைத் துப்பிவிடலாம், தம் ஆசையும் பாதி அடங்கியிருக்கும்.

முதலில் நினைத்தது, தீப்பெட்டி அளவில் ஒரு டப்பா. உள்ளே டீ நேரப்படி அறைகள், அறைக்கு ஒரு கம். பேர்கூட யோசித்து வைத்திருந்தேன். முதலாளி சிரித்தார். "மருந்தை உரிச்சு வேற டப்பால போட்டு வித்தேன்னா, டிரக் இன்ஸ்பெக்டர் நம்ம கடையை உரிச்சுருவாரு."

சரிதான். ஆனால் சொல்லிக்கொண்டே அவர் ஒரு பாட்டிக்குச் சர்க்கரை மாத்திரையைக் கவரில் போட்டு, 'சாப்பாட்டுக்கு முன்' என்று டிக் அடித்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட மறக்காத கணக்கு அது. அன்றைக்கே நூறு கவரில் பேனாவால் எழுதினேன்: 'டீக்கு முன். அரை மணி. விழுங்காதே.' கூடவே டீ கிளாஸ் படம். படம் கொஞ்சம் பக்கெட் மாதிரிதான் இருந்தது.

நெஞ்செரிச்சல் புகார் குறைந்துவிட்டது. எத்தனை பேர் விட்டார்கள் என்று கணக்கு வைக்கவில்லை. பாதிப் பேர் திரும்ப வருவதில்லை, அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று எப்படிச் சொல்வது? விடிந்ததும் முதல் வேலையாகப் பீடி பற்றவைக்கிறவர்களுக்கு 2 மி.கி. பெரும்பாலும் போதாது. 4 மி.கி.க்குச் சீட்டு வேண்டும். பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி அனுப்புகிறேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க யாருக்கும் மனசில்லை.

போன வாரம் அந்த விக்கல்காரர் வந்தார். "கவர் கிழிஞ்சுபோச்சு தம்பி, வேற குடு." பழையதை வாங்கிக் கவிழ்த்தேன். மூன்று கம், ஒரு பாதி பீடி. அவர் பீடியை மட்டும் எடுத்துக் காதில் செருகிக்கொண்டு, "இது காலைல மட்டும்" என்றார்.