13ஆம் சுற்றில் எடுத்தார்கள், ஒப்பந்தம் மட்டும் வரவில்லை

என் மகனை 2024 ஜூலையில் மேஜர் லீக் பேஸ்பால் அணி ஒன்று, அணிகள் முறைவைத்து இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டின் 13ஆம் சுற்றில் எடுத்தது. ஆகஸ்ட் 1 மாலை கையெழுத்திடுவதற்கான கெடு முடிந்தபோது எங்கள் கையில் ஒப்பந்தம் இல்லை. பையன் கல்லூரிக்குப் போய்விட்டான், நன்றாகவே பந்து வீசுகிறான், அவனுக்கு இதில் பெரிய வருத்தம் இல்லை. எரிச்சல் எல்லாம் எனக்குத்தான். இங்கே டெக்சஸில் இருக்கும் தமிழ் நண்பர்கள் சிலர் தங்கள் பிள்ளைகளைப் பார்க்கவும் அணிகளுக்கு ஆள் தேடும் ஸ்கவுட்டுகள் வரத் தொடங்கியிருப்பதாகச் சொல்லி விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவரிடமும் தொலைபேசியில் கொதித்துக்கொண்டிருப்பதைவிட எழுதிவிடுவது மேல்.

கோடைக் காட்சிப் போட்டிகள், வேகம் அளக்கும் கருவியோடு வலைக்குப் பின்னால் உட்காரும் கூட்டம், வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போகும் வட்டார ஸ்கவுட் இவையெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. அதுவரை சுகம்தான், எல்லோரும் புகழ்வார்கள். எவ்வளவு கொடுத்தால் கையெழுத்திடுவான் என்று கேட்கும்போதுதான் பேச்சின் சுருதி மாறும். ஒருவரிடம் சொன்ன தொகையை இன்னொருவரிடம் மாற்றிச் சொல்லக்கூடாது. ஸ்கவுட்டுகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்கிறார்கள். பையனைத் தனியே பிடித்தும் கேட்பார்கள். வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே தொகை இருக்கட்டும். ஒரு ஸ்கவுட் என் மனைவியிடம், “அதில் பாதி கொடுத்தாலும் அம்மா சம்மதிப்பீர்கள்தானே?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். “அவன் அப்பாவிடம் பேசுங்கள்” என்று அவளும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள். இந்த விவகாரம் முழுவதிலும் எங்கள் தரப்பில் நடந்த மிகச் சிறந்த பேச்சுவார்த்தை அதுதான்.

நாங்கள் சொன்னது 7 லட்சம் டாலர். அதற்குக் குறைந்தால் கல்லூரி. இந்தத் தொகையைப் பையனின் திறமைக்கான விலை என்று நினைத்துக்கொண்டு பேசப் போனால் ஏமாந்துவிடுவீர்கள். அது அணியின் கணக்கில் எங்கே பொருந்துகிறது என்பதுதான் முக்கியம். 2012 முதல், கையெழுத்துக்காகக் கொடுக்கும் போனஸுக்கு ஒவ்வோர் அணிக்கும் உச்சவரம்பு உண்டு. முதல் 10 சுற்றுகளில் வீரர் எடுக்கப்படும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மதிப்பு வைத்திருக்கிறார்கள், அவற்றின் கூட்டுத்தொகைதான் அந்த அணி செலவழிக்கக்கூடிய நிதி. அதை 5 சதவீதம் வரை மீறினால், மீறிய தொகைக்கு 75 சதவீத வரி. ஒரு கோடி டாலர் நிதி உள்ள அணி 5 லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் 3,75,000 டாலர் வரி கட்டும். அதைக் கவலைப்படாமல் கட்டுகிறார்கள். 5 சதவீதத்தைத் தாண்டினால் மறு ஆண்டு முதல் சுற்றில் ஆள் எடுக்கும் வாய்ப்பே பறிபோகும் என்பதால் அந்தக் கோட்டை இதுவரை எந்த அணியும் தாண்டியதில்லை. ஆகவே “முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன்” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலாளி கோடீஸ்வரராக இருந்தாலும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் பணம் இல்லை.

ஒருவருக்குக் குறைத்துக் கொடுத்தால்தான் இன்னொருவருக்குக் கூட்டிக் கொடுக்க முடியும். 2012இல் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் செய்ததை எல்லா அணிகளும் பாடமாகப் படித்திருக்கின்றன. முதல் இடத்தின் மதிப்பு 72 லட்சம் டாலர். கார்லோஸ் கொரேயாவிடம் 48 லட்சத்துக்கு முடித்தார்கள். மிச்சத்தை வைத்து, கேட்கும் தொகையைப் பார்த்து மற்றவர்கள் விட்டுவைத்த லான்ஸ் மெக்கல்லர்ஸை 41ஆவது இடத்தில் எடுத்து 25 லட்சம் கொடுத்தார்கள். 6 முதல் 10 வரையிலான சுற்றுகளில், கல்லூரியை முடித்துவிட்டு வேறு போக்கிடம் இல்லாத நான்காம் ஆண்டு மாணவர்களை எடுத்துச் சில ஆயிரம் டாலரில் கையெழுத்து வாங்குவதும் இதற்காகத்தான். அந்த இடங்களில் மிஞ்சும் பணம் எங்கள் பையனைப் போன்றவர்களுக்குப் போகும். போகலாம்.

10ஆம் சுற்றுக்குப் பிறகு எடுக்கப்படுபவருக்கு 1,50,000 டாலர் வரை கொடுத்தால் நிதிக் கணக்கில் சேராது. அதற்கு மேல் கொடுப்பது மட்டும் சேரும். எனவே 13ஆம் சுற்றில் எடுத்த பையனுக்கு 7 லட்சம் தர வேண்டுமானால் அணி தன் நிதியிலிருந்து 5,50,000 எடுக்க வேண்டும். இந்தக் கழித்தலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கதை முழுவதும் இதில்தான் சிக்கியது.

டிராஃப்ட் அந்த ஆண்டு எங்கள் மாநிலத்திலேயே, ஃபோர்ட் வொர்த்தில் நடந்தது. முதல் நாள் 2 சுற்றுகள், எங்களுக்கு அதில் வேலை இல்லை. இரண்டாம் நாள் 4ஆம் சுற்று நடக்கும்போது, எங்கள் சார்பில் அணிகளிடம் பேசும் ஏஜென்டான ஆலோசகரின் தொலைபேசி அடித்தது. ஓர் அணி நாலரை லட்சம் தருவதாகச் சொல்லி உடனே பதில் கேட்டது. யோசிக்கக் கிடைப்பது அடுத்த அணி பெயரைச் சொல்லி முடிக்கும் நேரம்தான். ஆலோசகர் எங்களைப் பார்த்தார், நாங்கள் பையனைப் பார்த்தோம், அவன் தலையாட்டி மறுத்தான். இதை இன்றும் சரியான முடிவு என்றே சொல்வேன். நாலரை லட்சத்தில் வரியும், ஆலோசகருக்கு வழக்கமாகப் போகும் 5 சதவீதமும் கழிந்து, அதன் பிறகு மேஜர் லீக்குக்குப் பல படி கீழே இருக்கும் சிங்கிள்-ஏ அணியில் அப்போதைய சம்பளம் ஆண்டுக்கு 26,200 டாலர். அதில் எத்தனை ஆண்டு காலம் தள்ளுவது?

மூன்றாம் நாள் 13ஆம் சுற்றில் வேறோர் அணி எடுத்தது. பெயரை வாசித்த வேகத்தில் எங்களுக்குச் சரியாகக் காதில் விழவில்லை, நண்பர்கள் அனுப்பிய வாழ்த்துச் செய்திகளைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டோம். மாலையில் வட்டார ஸ்கவுட் பேசினார். பணம் இருக்கிறது, கொஞ்சம் பொறுங்கள் என்றார். நான்கு நாள் கழித்து, கிட்டத்தட்ட முடிந்த மாதிரிதான், அரிசோனாவில் எங்கள் பயிற்சி வளாகத்துக்கு மருத்துவப் பரிசோதனைக்கு வாருங்கள் என்றார். ‘கிட்டத்தட்ட’ என்று சொல்லும் எவரையும் எழுத்தில் கேளுங்கள். தர மாட்டார்கள். தராததே உங்களுக்குப் பதில்.

பையனும் மனைவியும் அரிசோனா போனார்கள். அங்கே மருத்துவர், வசந்த காலத்தில் முழங்கையில் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைக் கேட்டார். எங்களிடம் இருந்தது அறிக்கைத் தாள் மட்டும், படங்கள் இருக்கும் குறுந்தகடு இல்லை. அதை வாங்க நான் ஊரில் அந்த ஸ்கேன் மையத்துக்குப் போனேன். பையனுக்கு ஜூலையில் 18 வயது ஆகிவிட்டதால் அப்பாவிடம் தர முடியாது, அவரே நேரில் வர வேண்டும் என்றார் முகப்பில் இருந்த பெண். ஸ்கேன் எடுத்த அன்று கையெழுத்திட்டவன் நான், பணம் கட்டியவனும் நான். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. பையன் ஒரு படிவத்தில் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பினால் போதும் என்பதை மறுநாள் அதே மேசையில் இருந்த வேறொருவர் அரை நிமிடத்தில் சொன்னார். அதற்குள் பரிசோதனைக்கு ஒதுக்கிய நேரம் போய்விட்டது. பிள்ளைக்கு 18 வயது ஆவதற்கு முன்பே படங்களை இரண்டு பிரதி வாங்கி வைத்துவிடுங்கள். தோள், முழங்கை, பல ஆண்டுக்கு முன் முறிந்த விரல் எதுவானாலும் சரி.

மருத்துவப் படங்களில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று கேட்டால் இரண்டு பெயர்களைச் சொல்வார்கள். 2014இல் ஹூஸ்டன் முதல் இடத்தில் எடுத்த பிராடி ஏக்கன் 65 லட்சத்துக்கு ஒப்புக்கொண்டிருந்தார். பரிசோதனையில் முழங்கைத் தசைநாரைப் பார்த்துவிட்டு அணி தொகையைக் குறைத்தது, கடைசியில் 50 லட்சம் வரை ஏறியது, அவர் மறுத்துவிட்டார். ஏக்கன் கையெழுத்திடாததால் அந்த இடத்தின் மதிப்பும் அணியின் நிதியிலிருந்து மறைந்தது, அதனால் 5ஆம் சுற்றில் 15 லட்சத்துக்குப் பேசி முடித்திருந்த ஜேக்கப் நிக்ஸின் ஒப்பந்தமும் கவிழ்ந்தது. நிக்ஸின் கையில் எந்தக் கோளாறும் இல்லை. அணிக்கு மறு ஆண்டு ஈடாக 2ஆவது இடம் கிடைத்து அலெக்ஸ் பிரெக்மன் வந்து சேர்ந்தார்.

இன்னொருவர் நம் வீடுகளில் அடிக்கடி அடிபடும் பெயர், குமார் ராக்கர். தாய்வழித் தாத்தா பாட்டி இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 2021இல் நியூயார்க் மெட்ஸ் 10ஆவது இடத்தில் எடுத்து 60 லட்சம் பேசியது. பரிசோதனைக்குப் பிறகு ஒரு டாலர்கூடத் தர முன்வரவில்லை. டிராஃப்ட்டுக்கு முந்தைய எம்.ஆர்.ஐ. திட்டத்தில் அவர் சேராததால் குறைந்தபட்சத் தொகை தரும் கடமையும் அணிக்கு இல்லை. மறு ஆண்டு எங்கள் டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை 3ஆவது இடத்தில் எடுத்து, அந்த இடத்தின் மதிப்பைவிட மிகக் குறைவாக 52 லட்சம் கொடுத்தது. மிஞ்சிய பணம் 4ஆம் சுற்றில் எடுத்த பள்ளிப் பிட்சர் (பந்து வீசுபவர்) பிராக் போர்ட்டருக்கு 37 லட்சமாகப் போனது. அதே 2022இல் வந்த விதிப்படி, முன்னணி 300 பேரில் இருந்து முன்கூட்டியே பரிசோதனைக்கு உட்படுபவருக்கு அவர் எடுக்கப்பட்ட இடத்தின் மதிப்பில் 75 சதவீதமாவது அணி தர வேண்டும். உங்கள் பிள்ளைக்கு அந்த அழைப்பு வந்தால் போய்விடுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். குறுந்தகடு போய்ச் சேர்ந்தது, முழங்கையில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். நன்று, ஒப்பந்தம் எங்கே? அரிசோனாவில் பையன் ஓட்டல் அறையில் உட்கார்ந்திருக்க, ஒப்பந்தமான மற்ற பையன்கள் அணியின் தொப்பி போட்டுப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தியில் இலை போட்டு உட்காரவைத்துவிட்டு, பரிமாறுகிறவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டதுபோல இருந்தது. ஊருக்குத் திரும்புங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

ஜூலை கடைசியில்தான் ஆலோசகர் உண்மையை எங்கிருந்தோ பிடித்து வந்தார். 3ஆம் சுற்றில் அந்த அணி எடுத்த பள்ளி மாணவர் ஒருவர், தன் இடத்தின் மதிப்பைவிடப் பல லட்சம் கூடுதலாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கல்லூரிக்குப் போனால் அவர் இடத்தின் மதிப்பு மறைந்துவிடும், ஆனால் அவருக்காகத் தனியே ஒதுக்கியிருந்த கூடுதல் பணம் அணியிடம் இருக்கும். நாங்கள் அந்தக் கூடுதல் பணத்துக்கான மாற்று ஏற்பாடு. அதுகூடப் பரவாயில்லை. 17ஆம் சுற்றில் எடுத்த இன்னொரு பிட்சரிடமும் இதையே சொல்லி உட்காரவைத்திருந்தார்கள். ஒரே பணத்துக்கு இரண்டு வீட்டில் காத்திருப்பு. விதியில் இதற்கு எந்தத் தடையும் இல்லை என்றும், அணியின் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்வார்கள் என்றும் ஆலோசகர் எனக்கு விளக்கினார். விளக்கம் புரிந்தது, கோபம் குறையவில்லை.

கெடு நாள் பிற்பகல் அந்த 3ஆம் சுற்று மாணவர் கையெழுத்திட்டார். சற்று நேரத்தில் ஸ்கவுட் அழைத்து, 1,50,000 டாலரும் கல்லூரிப் படிப்புச் செலவும் தருகிறோம் என்றார். நிதிக் கணக்கில் சேராத அதே தொகை. பையனே தொலைபேசியை வாங்கி, நன்றி, நான் கல்லூரிக்குப் போகிறேன் என்று சொல்லி வைத்தான். குரலில் நடுக்கமே இல்லை. எனக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே மகிழ்ச்சி அது.

அப்படிச் சொல்ல முடிந்ததற்குக் காரணம், கல்லூரிக் கதவை நாங்கள் மூடவே இல்லை. விடுதிக்கு முன்பணம், வகுப்புப் பதிவு, தடுப்பூசிச் சான்று எல்லாவற்றையும் ஜூன் மாதமே முடித்திருந்தோம். எப்படியும் கையெழுத்திடப் போகிறான், எதற்கு வீண் செலவு என்று ஸ்கவுட் ஒருவர் சொன்னதைக் கேட்டிருந்தால் ஆகஸ்ட்டில் நடுத்தெருவில் நின்றிருப்போம். உதவித்தொகை விஷயத்திலும் கண்ணைத் திறந்து வையுங்கள். பேஸ்பாலில் முழு உதவித்தொகை அபூர்வம். அந்த ஆண்டு, கல்லூரிப் போட்டிகளின் உயர்மட்டமான முதல் பிரிவில் ஒரு கல்லூரிக்கு மொத்தம் 11.7 உதவித்தொகைதான், அதைப் பல வீரர்களுக்குப் பங்கு போட்டார்கள். உங்கள் பிள்ளைக்கு எத்தனை சதவீதம் என்பதைத் தெரிந்துகொண்டு, மீதிச் செலவைக் கணக்கிட்ட பிறகு ஸ்கவுட்டிடம் தொகையைச் சொல்லுங்கள்.

ஆலோசகர் விஷயத்தில் ஒரு சிறு தலைவலி மிச்சம் இருந்தது. பள்ளி மாணவருக்காக ஏஜென்ட் அணியிடம் நேரடியாகப் பேசலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 2016இல் அனுமதித்தது. ஆனால் ஒப்பந்தமாகாமல் கல்லூரிக்குப் போனால் அவருடனான உறவை முறித்துக்கொள்ள வேண்டும். கல்லூரியின் விதிமுறை அலுவலகம் அதை எழுத்தில் கேட்டது. டிராஃப்ட் நாளில் முதல் மணியிலேயே எடுத்துப் பேசியவர், இந்த ஒரு பக்கக் கடிதத்துக்கு எங்களை அலைக்கழித்துவிட்டார். கடிதம் வரும்வரை பையன் அணியோடு பயிற்சி செய்ய முடியவில்லை. ஒப்பந்தம் ஆகாவிட்டால் என்ன எழுதித் தருவார் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டு வாங்குங்கள்.

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டதால் அவன் மறுபடி டிராஃப்ட்டுக்கு வருவது மூன்றாம் ஆண்டு முடிந்த பிறகு, 2027இல். இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிக்குப் போயிருந்தால் மறு ஆண்டே வந்திருக்கலாம். அணிகளிடம் அது ஒரு பிடிமானம் என்று சிலர் சொல்கிறார்கள், நாங்கள் படிப்பைப் பார்த்தோம். அணிகளுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையே 2022இல் வந்த தொழிலாளர் ஒப்பந்தத்தின் காலம் 2026 டிசம்பர் 1 வரை. போனஸ் விதிகள் அதோடு மாறினால், மேலே எழுதியிருக்கும் கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு அப்போதைய விதியைப் பாருங்கள். குறுந்தகடு மட்டும் அப்போதும் இரண்டு பிரதி.