ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும்: நம் பள்ளியில் இனி வரும் வேலைகள்

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. இனி கிறிஸ்து பிறப்பு விடுமுறை வரை பத்து, பதினோரு வாரம். காலண்டரைப் பார்த்தால் ஐம்பது நாளுக்குக் குறையாமல் வேலைநாள் தெரியும். மழை விடுமுறை, தீபாவளி, புயல் எச்சரிக்கை எல்லாம் போக நாற்பது நின்றாலே பெரிது. அதனால் இந்தப் பருவத்தின் வேலைகளைத் தேதிப்படி அடுக்காமல் மழையை வைத்து அடுக்கியிருக்கிறோம். மண் வேலையும் மாடி வேலையும் மழை இறங்குவதற்கு முன்னால். வகுப்பறைக்குள் உட்கார்ந்து செய்கிற வேலை அடைமழை நாட்களில். குடிலும் நட்சத்திரமும் வெளியே வருவது மழை ஓய்ந்த பிறகு.

முதல் வேலை மொட்டைமாடி. 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் கணக்குப்படி 930 லிட்டர் வர வேண்டும். தரை உறிஞ்சுவதும் சிதறுவதும் போக 750 லிட்டர் தொட்டிக்கு வந்து சேரும். அப்படிப் பார்த்தால் நம் 5,000 லிட்டர் தொட்டி நிறைய 7 செ.மீ. மழை போதும். ஆண்டு முழுவதற்கும் சேர்த்தே 80 செ.மீ.யை ஒட்டிப் பெய்கிற மாவட்டம் நம் ராமநாதபுரம்; அதிலும் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்தில்தான். சில சமயம் அதையும் மொத்தமாகக் கொட்டிவிடும். 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. அப்படி ஒரு நாளில் வடிகுழாயின் வாயில் வேப்பிலை அடைத்திருந்தால் தொட்டி காலியாகவே இருக்கும், வகுப்பறைக் கூரை ஒழுகும்.

மாடியைப் பெருக்கினால் மட்டும் போதாது. காக்கை எச்சத்தோடு, மாதக்கணக்காகக் கடல்காற்று கொண்டுவந்து படியவிட்ட உப்பும் அங்கே இருக்கிறது. முதல் இரண்டு மழைத் தண்ணீரைத் தொட்டிக்கு விடவே கூடாது. இறங்குகுழாயில் தொட்டிக்குப் பிரியும் இடத்துக்குக் கீழே ஒரு மூடி இருக்கிறது; அதைத் திறந்து வைத்து, மூன்றாவது மழைக்கு மூட வேண்டும். வடிகட்டித் தொட்டியில் அடியில் பெரிய ஜல்லி, அதன்மேல் சிறு ஜல்லி, மேலே ஆற்று மணல், ஒவ்வொன்றும் அரை அடி. மணலுக்கும் ஜல்லிக்கும் நடுவே பழைய நைலான் வலையை இரண்டு மடிப்பாக விரித்தால் மணல் கீழே இறங்காது. பக்கத்தில்தானே கிடக்கிறது என்று கடற்கரை மணலை அள்ளிப் போட்டுவிட வேண்டாம். ஒரு பருவத்துத் தண்ணீரும் கரிக்கும். தொட்டி நிறைந்த பிறகு 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர், அதாவது நம் தொட்டிக்கு 20 கிராம். அதை ஒரு வாளித் தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு, தெளிவை மட்டும் ஊற்ற வேண்டும். அரை மணி நேரம் குழாயைத் திறக்கக் கூடாது. குடிக்க வேண்டுமானால் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

அடுத்தது பனை விதை. ஆவணி, புரட்டாசியில் விழுந்த பழங்களைப் பிள்ளைகள் பொறுக்கிச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு பழத்தில் ஒன்றிலிருந்து மூன்று கொட்டை இருக்கும். சதை அழுகி உதிர்ந்ததும் கொட்டைகளை நிழலில் காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்க்க வேண்டும், மிதப்பதைத் தள்ளிவிடலாம். இதில் 300 விதை ஊருணிக் கரைக்கு, 200 விதை பள்ளித் தோட்டத்துக் கிழங்குப் பாத்திக்கு. இரண்டுக்கும் முறை வேறு.

கரையில் நடுவதற்கு ஒரு அடி ஆழக் குழி, குழிக்குக் குழி பத்தடி. கொட்டையைப் படுக்க வைத்து மண்ணை மூடி மிதித்துவிட்டால் ஆயிற்று. தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. ஆனால் எந்த இடத்தில் குழி என்பதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். ஊருணியின் உள்சரிவில் நட்டால் கார்த்திகையில் நீர் ஏறி விதை அழுகும். கரையின் மேல்மட்டத்திலோ வெளிச்சரிவிலோதான் நட வேண்டும். மின்கம்பிக்குக் கீழேயும் சுற்றுச்சுவருக்கு ஐந்தடிக்குள்ளும் நட்டால் பின்னாளில் நாமே வெட்ட வேண்டியிருக்கும்.

விதைக்குள் நடப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு நட்டால் ஆழம் ஏன் முக்கியம் என்று சொல்லவே வேண்டாம். முளைக்கும் கொட்டையிலிருந்து முதலில் வெளியே வருவது இலை இல்லை, விரல் கனத்தில் ஒரு குழல். கருவைத் தன் நுனியில் சுமந்துகொண்டு அது மண்ணுக்குள் நேராக இறங்கும். ஓர் அடி, சில இடங்களில் அதற்கும் கீழே போய் நின்ற பிறகுதான் அங்கிருந்து வேர் ஒரு பக்கமும் குருத்து மறுபக்கமுமாகக் கிளம்பும். அதற்குள் கொட்டையின் உள்ளே இருந்த பருப்பு பஞ்சு போலாகி இனிக்கும். தவுண் என்று உடைத்துத் தின்பது அதைத்தான். குழல் இறங்கும் வழியில் பாறையோ இறுகிய களிமண்ணோ இருந்தால் செடி அங்கேயே நின்றுவிடும். ஆகவே கடப்பாரையால் குழியின் அடியை இன்னும் ஒரு சாண் குத்திப் பொலபொலவென்று விட வேண்டும். பனங்கன்றைப் பிடுங்கி வேறிடத்தில் நட முடியாது என்பதும் இதனால்தான். முதல் ஓலை தலைகாட்டச் சில மாதம் ஆகும். அதுவரை அங்கே ஒன்றும் முளைக்கவில்லை என்று யாரும் குழியைக் கிளற வேண்டாம். ஓலை வந்ததும் ஆடு கடிக்காமல் இருக்கக் கருவை முள்ளை வெட்டிச் சுற்றி வைத்தால் போதும். கருவை முள்ளுக்கா நம் ஊரில் பஞ்சம்!

கிழங்குப் பாத்தி இதற்கு நேர்மாறு. அங்கே ஆழமாகத் தோண்டுவதற்குப் பதில், மணல் கலந்த மண்ணை இரண்டடி உயரத்துக்குக் கூட்டி, அதன்மேல் கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி, நாலு விரல் மண் போட்டு மூட வேண்டும். குழல் அந்தப் பொலபொலத்த மண்ணுக்குள் இறங்கிக் கிழங்காகும். ஐப்பசி முதல் வாரத்துக்குள் போட்டால் பொங்கலுக்கு வெட்டலாம். பிந்தினால் சின்னக் கிழங்குதான் கிடைக்கும். விட்டுவிட்டால் நார் ஏறிவிடும். பாத்தியின் அடியில் மழைநீர் தேங்காதபடி இரண்டு பக்கமும் வாய்க்கால் எடுத்துவிட வேண்டும்.

அக்டோபர் 15 கலாம் பிறந்த நாள். ராமேசுவரத்தில் பிறந்து, ராமநாதபுரத்தில் சுவார்ட்சு பள்ளியில் படித்தவர். நம் பிள்ளைகளுக்குத் தூரத்து மனிதர் அல்ல. காலையில் பேச்சு, பிறகு அறிவியல் கண்காட்சி. தெர்மாகோல் எரிமலை இந்த ஆண்டு வேண்டாம் என்று ஆசிரியர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். காற்றுமானி, மழைமானி, உப்புநீர் வடிப்பான் என்று இந்தக் கரைக்குப் பயன்படுகிற ஒன்றைச் செய்து வரட்டும்.

ஜெபமாலை மாதம் என்பதால் அக்டோபர் முழுக்க மாலை மணி அடிப்பதற்குப் பத்து நிமிடம் முன்னால் ஜெபமாலையில் பத்து மணிகளுக்கான ஜெபத்தை மட்டும் சொல்கிறோம். விருப்பமுள்ள பிள்ளைகள் மட்டும் கோயிலுக்கு வரலாம். மற்றவர்களுக்கு நூலக நேரம். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை கல்லறைத் தோட்டம் துப்புரவு. எட்டாம் வகுப்புக்கு மேல்தான். செருப்புப் போட்டு வர வேண்டும். முதல் மழை பெய்த புல்லில் பாம்பு இருக்கும்; கையை வைப்பதற்கு முன்னால் கம்பால் தட்ட வேண்டும். நவம்பர் 14 குழந்தைகள் தின விளையாட்டுகள் மைதானம் காய்ந்திருந்தால் வெளியே, இல்லாவிட்டால் கேரம், சதுரங்கம், பல்லாங்குழி.

வருகைப்பதிவு பற்றி. வாடைக் காற்று எழுந்தால் வடகடல் (பாக் விரிகுடா) கொந்தளிக்கும், தென்கடல் (மன்னார் வளைகுடா) அடங்கியிருக்கும். வள்ளங்களைத் தென்கடல் கரைக்கு மாற்றும் குடும்பங்கள் சில பிள்ளைகளையும் கூடவே கூட்டிப் போகின்றன. போவதில் தவறில்லை, சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு வாரத்துக்கான பாடக்குறிப்பை வகுப்பாசிரியர் முன்கூட்டியே தருவார். சொல்லாமல் போனால் பிள்ளை அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம் வந்து எதுவும் புரியாமல் விழிக்கிறது. பிறகு பள்ளிக்கே வர மாட்டேன் என்கிறது. இடைநிற்றல் அப்படித்தான் தொடங்குகிறது.

மழை விடுமுறையை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். வாட்ஸ்அப்பில் வரும் பழைய செய்தித் துணுக்கை நம்ப வேண்டாம், தேதியைப் பாருங்கள். பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணையும் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3, 4 துறைமுகத்துக்கான உள்ளூர் எச்சரிக்கை. 5 முதல் 7 வரை ஆபத்து, 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அற்றுவிட்டது என்று பொருள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்ட கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பிள்ளைகள் எழுதி வர வேண்டும். சமூக அறிவியல் செயல்திட்டம் இதுதான், கூகுளில் பார்த்து எழுதினால் மதிப்பெண் இல்லை.

அடைமழை நாட்களில் வகுப்பறைக்குள் செய்ய வைத்திருக்கும் வேலை நட்சத்திரம். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் நட்சத்திரம் வாடைக் காற்றில் மூன்று நாள் தாங்காது. மூங்கிலைப் பிளந்தெடுத்த பிளாச்சில் கட்டினால் கூடு ஐந்து ஆண்டு வரும், காகிதம் மட்டும் மாற்றினால் போதும்.

ஒரு நட்சத்திரத்துக்கு 90 செ.மீ. நீளப் பிளாச்சு பத்து, 15 செ.மீ. குறுக்குக் குச்சி ஐந்து. பிளாச்சு ஒரு விரல் அகலம், நாலு மில்லிமீட்டர் கனம். கணு உள்ள இடம் வளையும்போது முறியும், அதனால் கணு குறைவான பிளாச்சாகப் பார்த்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு பிளாச்சிலும் இரண்டு முனையிலிருந்தும் 34.4 செ.மீ.யில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து பிளாச்சை நட்சத்திரமாகக் கோக்கும்போது ஒன்றையொன்று வெட்டுவது இந்தக் கோட்டில்தான். கண்ணளவில் கட்டினால் ஒரு கால் நீண்டு ஒரு கால் குட்டையாகி, காகிதம் ஒட்டும்போது மானம் போகும். அந்தக் கோட்டிலிருந்து எதிர்முனை வரை 55.6 செ.மீ. அதை 34.4 ஆல் வகுத்தால் 1.616 வரும். அளவைத் துல்லியமாக எடுத்தால் 1.618, பொன் விகிதம். பத்தாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர் மழை நாளில் இதை வைத்தே ஒரு பாடவேளை ஓட்டிவிடுவார்.

இப்படி இரண்டு தட்டை நட்சத்திரம். ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஐந்து நுனிகளை மட்டும் வலை நூலால் இறுக்கிக் கட்ட வேண்டும். பிறகு உள்ளே பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து மூலைகளிலும் குறுக்குக் குச்சியை நிறுத்தி இரண்டையும் பிரித்துத் தள்ளினால் வயிறு உப்பும். குச்சியின் முனைகளில் சின்ன வெட்டுப் போட்டு நூல் சுற்றாவிட்டால் இரவில் ஒன்று நழுவும், காலையில் முழுவதும் சுருங்கிக் கிடக்கும். நூல் கட்டுவதில் நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வலை பொத்தும் கைகள்.

பசைக்கு 100 கிராம் மைதா, 700 மில்லி தண்ணீர். முதலில் குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட்டு, கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். நிறம் வெளுப்பிலிருந்து கண்ணாடி போல மாறும்போது இறக்கலாம். கரப்பான் அரிக்காமல் இருக்கக் கால் தேக்கரண்டி மயில்துத்தம். அது நஞ்சு, ஆசிரியர்தான் போடுவார், ஒட்டி முடித்ததும் எல்லோரும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். முன்முகத்துக்கு ஐந்து முக்கோணமும் ஓர் ஐங்கோணமும், பின்முகத்துக்கும் அதே, பக்கங்களுக்குப் பத்து ஒல்லி முக்கோணம், ஆக 22 துண்டு. அவற்றில் 21ஐ ஒட்டினால் போதும், பின்பக்க ஐங்கோணத்தை ஒட்ட வேண்டாம். பல்பு மாட்டும் வாசல் அது, காற்று வெளியேறும் வழியும் அதுதான். 5 வாட் எல்இடி போதும். முன்பு குண்டு பல்பு போட்டுக் காகிதம் கருகியதுண்டு. உப்புக் காற்றில் பித்தளை ஹோல்டர் பச்சை பூத்துவிடும். பிளாஸ்டிக் ஹோல்டர் வாங்குங்கள். வயர் ஹோல்டருக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு தொங்க வேண்டும், மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

பாட்டுப் பயிற்சி, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறுக்கு அடுத்த நாள் தொடங்கும். ஆர்மோனியம் வாசிப்பவர் தன் குரலுக்கு வசதியான ஒன்றரைக் கட்டைச் சுருதியில் பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கீழ்ச்சுரங்களில் குரலே எழும்பாது, கத்தித் தொண்டையைக் கெடுத்துக்கொள்வார்கள். நாலரை, ஐந்து கட்டைதான் அவர்களுக்கு. நான்கு மெழுகுதிரி வளையத்தைத் திங்கள் காலை வழிபாட்டில் ஏற்றுகிறோம். மூன்று ஊதா, மூன்றாம் வாரத்துக்கான ஒன்று மட்டும் ரோஜா நிறம். வாடையில் திரி நிற்காது. வீட்டில் பழைய அரிக்கேன் சிம்னி சும்மா கிடந்தால் கொடுத்து உதவுங்கள், நான்கு வேண்டும்.

குடில் வைப்பது அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள். அதில் வயல் பச்சையாக இருக்க வேண்டுமானால் கேழ்வரகை அதற்குப் பத்து நாள் முன்பே, அதாவது தேர்வு நடக்கும்போதே விதைத்தாக வேண்டும். அதனால் இந்தப் பொறுப்பு ஐந்தாம் வகுப்புக்கு. அவர்களுக்குப் பரீட்சை பாரம் குறைவு. இரவு ஊறவைத்து, ஒரு நாள் ஈரத்துணியில் கட்டி, முளை விட்டதும் தட்டில் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பிய மண்ணில் தூவ வேண்டும். தட்டின் அடியில் ஓட்டை அவசியம். மண் ஊருணிக் கரையிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். கடற்கரை மணல்தான் கிடைத்தது என்றால் நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பாருங்கள். கரித்தால் நான்காம் முறையும் அலச வேண்டும்.